புதிய லாரியின் தொழிற்சாலை வண்ணப்பூச்சுக் குறைபாடுகள்

தொழிற்சாலை வண்ணப்பூச்சுக் குறைபாடு என்பது, ஒரு வாகனத்துக்கு ஆலையில் பெயின்ட் பூசப்படும் கட்டத்திலேயே உண்டாகி, வாங்கியவர் கைக்கு வந்தபின் தெரியவரும் குறையாகும். புள்ளி, கொப்புளம், வழிந்த தடம், நிற வேறுபாடு, மெல்லிய பூச்சு, உரிதல், விளிம்புத் துரு எனப் பல வடிவங்களில் இது காணப்படும். காரில் இது பெரும்பாலும் அழகு சார்ந்த சிக்கலாக நின்றுவிடும். வெயிலிலும் மழையிலும் ஆண்டு முழுவதும் ஓடும் லாரியில் பூச்சுதான் இரும்புக்கு முதல் காப்பு. எனவே லாரியில் பூச்சுக் குறை வண்டியின் ஆயுளையும் மறுவிற்பனை விலையையும் பாதிக்கிறது. உப்புக்காற்று வீசும் மாமல்லபுரம் கடற்கரைப் பகுதியில் அதன் விளைவு இன்னும் விரைவில் தெரியும்.

செங்கல்பட்டு வட்டாரமும் வாகனத் தொழிலும்

சென்னையைச் சுற்றியுள்ள பகுதி இந்தியாவின் முதன்மையான வாகன உற்பத்தி மையங்களில் ஒன்று. 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்ட அசோக் லேலண்ட் நிறுவனத்தின் ஆலை எண்ணூரில் உள்ளது. செங்கல்பட்டை அடுத்த மறைமலை நகரில் ஃபோர்டு நிறுவனம் 1999 முதல் 2022 வரை கார்களை உற்பத்தி செய்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரகடத்தில் 2012இல் திறக்கப்பட்ட டைம்லர் ஆலையிலிருந்து பாரத்பென்ஸ் லாரிகள் வெளிவருகின்றன. 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிக்கப்பட்டு செங்கல்பட்டு தனி மாவட்டமானது.

இம்மாவட்டத்தின் ஒரு பக்கம் தொழிற்பேட்டைகளும் மறுபக்கம் வங்கக் கடலும் உள்ளன. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவுதான். மாமல்லபுரம் பட்டறைகளில் செதுக்கப்படும் கற்சிலைகள், கடற்கரைக் கிராமங்களின் மீன், கட்டுமானத்துக்கான ஜல்லி, எம்-சாண்ட் ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு லாரிகளும் மினி லாரிகளும் இப்பாதையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் ஓடுகின்றன. கல்தூள் பூச்சைத் தேய்க்கும். மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்பு கலந்த ஐஸ் தண்ணீர் தளத்தின் இடுக்குகளில் தேங்கும். கடற்காற்று மீதி வேலையைச் செய்யும்.

பூச்சின் அடுக்குகள்

குறையைப் புரிந்துகொள்ள, ஆலையில் பெயின்ட் எவ்வாறு பூசப்படுகிறது என்பதை அறிய வேண்டும். பற்றவைத்து முடித்த லாரி கேபின் முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவப்படுகிறது. பின்னர் பாஸ்பேட் போன்ற வேதிக் கரைசலில் நனைக்கப்படுகிறது. இரும்பின்மேல் பூச்சு பற்றிக்கொள்ள உதவும் மிக மெல்லிய படலம் இதனால் உருவாகிறது.

அடுத்தது மின்படிவுப் பூச்சு. பெயின்ட் கலந்த நீர்த்தொட்டியில் கேபின் முழுவதுமாக மூழ்க, சில நூறு வோல்ட் மின்னழுத்தம் கொடுக்கப்படுகிறது. கைக்கும் ஸ்ப்ரே துப்பாக்கிக்கும் எட்டாத உட்குழிகளிலும் பெயின்ட் படிகிறது. ஃபோர்டு நிறுவனத்தில் ஜார்ஜ் புரூவரின் குழு உருவாக்கிய இம்முறை 1960களில் கார் உற்பத்தியில் பயன்பாட்டுக்கு வந்தது. துருவைத் தடுப்பதில் பெரும்பங்கு இந்த அடுக்குக்கே உண்டு. அதன் தடிப்பு ஏறத்தாழ 20 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பூசியபின் சுமார் 160 முதல் 180 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அது சுடப்படுகிறது.

இதன்மேல் பிரைமர், நிறம் தரும் அடுக்கு, பளபளப்பும் வெயில் காப்பும் தரும் கிளியர் கோட் ஆகியவை வரும். லாரிகளில் ஒற்றை நிறம் கொண்ட வண்டிகள் பலவற்றுக்கு கிளியர் கோட் தனியாக இருக்காது. நிற அடுக்கே மேற்பூச்சாகவும் அமையும். மொத்தத் தடிப்பு பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை. அதாவது தலைமுடி ஒன்றிரண்டின் பருமன்தான்.

லாரிக்கே உரிய சிக்கல் ஒன்று இங்கே உண்டு. பல லாரிகள் கேபினும் சேசிஸுமாக மட்டுமே ஆலையிலிருந்து வெளிவருகின்றன. சரக்கு ஏற்றும் பாடி, நாமக்கல் போன்ற ஊர்களின் பாடி கட்டும் பட்டறைகளில் தனியாகக் கட்டப்படுகிறது. அங்கே மின்படிவுத் தொட்டி கிடையாது. ரெட் ஆக்சைடு பிரைமரும் அதன்மேல் எனாமல் பெயின்டும் அடிப்பதே வழக்கம். ஆகவே கேபினில் உள்ள குறைக்கு லாரி நிறுவனமும், பாடியில் உள்ள குறைக்குப் பட்டறையும் பொறுப்பு. நிறுவனத்தின் உத்தரவாதம் பட்டறைப் பாடிக்குப் பொருந்தாது என்பது பலருக்குத் துரு ஏறிய பிறகே தெரியவருகிறது.

குறைகளின் வகைகள்

தோற்றக் குறைகள், காப்புக் குறைகள் என இவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். முதல் வகை கண்ணை உறுத்தும்; இரண்டாம் வகை இரும்பை அரிக்கும்.

தோற்றக் குறைகள்:

ஆரஞ்சுத் தோல்: பூச்சு சமமாகப் பரவாமல் ஆரஞ்சுப் பழத் தோல்போல் மேடுபள்ளமாக இருப்பது. பெயின்டின் அடர்த்தி, துப்பாக்கியின் அழுத்தம், வெப்பநிலை ஆகியவை சரியாக அமையாதபோது ஏற்படும். லேசான அளவில் ஏறக்குறைய எல்லா வண்டிகளிலும் உண்டு.

வழிதல்: ஒரே இடத்தில் அதிகப் பெயின்ட் விழுந்து கீழ்நோக்கி வழிந்து உறைவது.

தூசுப் புள்ளி: ஈரப் பூச்சில் தூசியோ நாரோ ஒட்டிக்கொள்வது.

நிற வேறுபாடு: கேபினும் பம்பரும் வெவ்வேறு நிறமாகத் தோன்றுவது. பிளாஸ்டிக் உறுப்புகள் வேறு இடத்தில் பெயின்ட் அடிக்கப்பட்டு வருவதால் மெட்டாலிக் நிறங்களில் இது எளிதில் தெரியும்.

காப்புக் குறைகள்:

குழிப்புள்ளி: எண்ணெய் அல்லது சிலிக்கோன் துளி இருந்த இடத்தில் பெயின்ட் விலகி, மீன்கண்போல் வட்டக் குழி விழுவது. குழி ஆழமானால் அங்கே அடியடுக்கு வெளியே தெரியும்.

ஊசித்துளை: சுடும்போது உள்ளே சிக்கிய கரைப்பான் ஆவியாகி மேற்பரப்பைத் துளைத்து வெளியேறுவது. நீரும் உப்பும் உள்ளே புக இத்துளைகள் வழியாகும்.

கொப்புளம்: பூச்சுக்கு அடியில் உப்போ கழுவும் திரவமோ எஞ்சியிருந்தால், ஈரம் ஊடுருவி அதைக் கரைத்து, பூச்சை மேலே தள்ளும். இது சில மாதங்கள் கழித்தே வெளிப்படலாம்.

உரிதல்: ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கிலிருந்து தகடாகப் பிரிவது. இதுவே மிகக் கடுமையான குறை.

விளிம்புத் துரு: தகட்டின் கூர்மையான ஓரத்தில் பூச்சு மெலிந்துவிடும். கதவின் கீழ்மடிப்பு, படிக்கட்டு, வெல்டிங் தையல் ஆகிய இடங்களில் பழுப்புக் கோடாகத் துரு தொடங்கும்.

ஆலைக்கு வெளியே உண்டாகி, ஆலைக் குறைபோலத் தோன்றுபவையும் உண்டு. ரயில் பாதைக்கு அருகே நிற்கும் வண்டிமேல் விழும் இரும்புத் துகள் பழுப்புப் புள்ளிகளாகும். பறவை எச்சம், சிமென்ட் தெறிப்பு, கொண்டுவரும்போது விழுந்த கீறல், விற்பனையாளரின் கிடங்கில் பட்ட உரசல் ஆகியவையும் இப்படிப்பட்டவை. கிடங்கில் கீறல் விழுந்த வண்டிக்கு மறுபூச்சு அடித்துப் புதியதாகவே விற்பதும் நடக்கக்கூடும். குறை எங்கே பிறந்தது என்பதைப் பொறுத்தே பொறுப்பு யாருடையது என்பது முடிவாகும்.

உரிந்த பிக்கப்புகள்: ஓர் அமெரிக்க எடுத்துக்காட்டு

1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் விற்ற பல பிக்கப் லாரிகளிலும் கார்களிலும் நிற அடுக்கு தகடு தகடாக உரிந்து விழுந்தது. ஃபோர்டின் எஃப் வரிசைப் பிக்கப்புகள் தொடர்பாக வாங்கியவர்கள் வழக்குத் தொடுத்தனர். மின்படிவுப் பூச்சுக்கும் நிறத்துக்கும் இடையே வரவேண்டிய பிரைமர் அடுக்கை நிறுவனம் தவிர்த்துவிட்டது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. மின்படிவுப் பூச்சில் பயன்படும் எபாக்சி பிசின் துருவை நன்கு தடுக்கும். ஆனால் சூரிய ஒளியின் புறஊதாக் கதிரைத் தாங்காது. இடையில் பிரைமர் இல்லாதபோது, நிறத்தைக் கடந்து வரும் கதிர் எபாக்சியின் மேற்பரப்பைச் சிதைத்து ஒட்டுதலை அழிக்கிறது.

லூசியானா கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றாக விசாரிக்கப்பட்ட இவ்வழக்குகளைக் குழு வழக்காக நடத்த நீதிமன்றம் இசையவில்லை. ஒவ்வொரு வண்டியிலும் உரிதலுக்கான காரணத்தைத் தனித்தனியே ஆராய வேண்டும் என்பது அதற்கான காரணங்களுள் ஒன்று. இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. கண்ணுக்குத் தெரியாத ஓர் அடுக்கைக் குறைத்தாலும் விளைவு சில ஆண்டுகளில் கண்ணுக்குத் தெரியும். மேலும், பலருக்கு ஒரே குறை இருப்பது தம் வண்டியின் குறைக்குத் தானாகவே சான்றாகிவிடாது.

உப்புக்காற்றின் விளைவு

அலை உடையும்போது எழும் நுண்துளிகளைக் காற்று நிலத்துக்குக் கொண்டுவருகிறது. கரையிலிருந்து உள்ளே செல்லச் செல்ல உப்புப் படிவு வேகமாகக் குறையும். ஆகவே கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இரவு முழுவதும் நிற்கும் லாரிக்கும் செங்கல்பட்டு நகரில் நிற்கும் லாரிக்கும் வேறுபாடு பெரிது.

படிந்த உப்பு காய்ந்திருப்பதுபோல் தோன்றினாலும் சும்மா இருப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு சுமார் 33 விழுக்காட்டிலேயே ஈரமாகிவிடும். எனவே மழையே பெய்யாத நாளிலும் கடற்கரையில் நிற்கும் லாரியின் கீழ்ப்பகுதி உப்புநீரில் நனைந்த நிலையில் இருக்கலாம். ஊசித்துளை வழியாக இந்நீர் இரும்பைத் தொட்டால் துரு பூச்சுக்கு அடியிலேயே பக்கவாட்டில் பரவும். மேலே கடுகளவு புள்ளி தெரியும்போது உள்ளே காசளவு துரு ஏறியிருக்கும்.

உப்பு கல்லையே அரிக்கும் என்பதற்கு மாமல்லபுரத்தில் சான்று உண்டு. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தில் எழுந்த கடற்கரைக் கோயிலில், கல்லுக்குள் ஊறிய உப்பை வெளியே எடுக்கத் தொல்லியல் துறையினர் காகிதக் கூழை அப்பிக் காயவிட்டு நீக்குகின்றனர்.

காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், மண்டபம் கடற்கரையில் உலோகங்களையும் பூச்சுகளையும் திறந்தவெளியில் வைத்து அரிப்பை ஆராய்ந்து வந்துள்ளது. ஆய்வகங்களில் 5 விழுக்காடு உப்புக் கரைசலை 35 டிகிரி வெப்பத்தில் தூவிச் சோதிக்கும் முறையும் உண்டு. பூச்சில் ஒரு கீறல் போட்டு, அதிலிருந்து துரு எத்தனை மில்லிமீட்டர் பரவுகிறது என்று அளப்பார்கள்.

வண்டியை எடுக்கும் நாளில்

குறையைக் கண்டறிய ஏற்ற காலம் பதிவுக்கு முன்புதான். பதிவான பின் அந்த லாரியை விற்பனையாளர் திரும்பப் பெற்றால் அவர் அதைப் பழைய வண்டியாகவே விற்க முடியும். அதனால் பதிவுக்குப் பின் மாற்று வண்டி கேட்டுப் பெறுவது கடினம்.

பார்வையிடும்போது கவனிக்க வேண்டியவை:

1. வண்டியைக் கழுவித் துடைத்தபின், பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மாலையிலும் ஷோரூம் விளக்கிலும் நிற வேறுபாடு தெரியாது. நேராகப் பார்ப்பதைவிடச் சாய்வாகப் பார்த்தால் மேடுபள்ளம் தெரியும்.

2. கதவின் கீழ்மடிப்பு, கீல்கள், படிக்கட்டு, சக்கர வளைவு, மழைநீர் வடியும் விளிம்பு, வெல்டிங் தையல்கள் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

3. ரப்பர் பட்டைகளின் ஓரத்திலும் கண்ணாடி விளிம்பிலும் பெயின்ட் தெறிப்பு இருந்தால், உறுப்புகளைப் பொருத்திய பின் மீண்டும் பெயின்ட் அடிக்கப்பட்டிருக்கலாம்.

4. தடிப்பளவி கிடைத்தால் ஒவ்வொரு தகட்டிலும் பல இடங்களில் அளக்கலாம். இடத்துக்கு இடம் சிறிது மாறுவது இயல்பு. ஒரு தகடு மட்டும் 250 மைக்ரானைத் தாண்டினால் மறுபூச்சு எனச் சந்தேகிக்கலாம். ஆயிரத்தை நெருங்கினால் அடியில் பட்டி இருக்கக்கூடும். பிளாஸ்டிக், ஃபைபர் உறுப்புகளில் சாதாரணக் கருவி வேலை செய்யாது.

5. வண்டி தயாரான மாதத்தையும் கிடங்கில் நின்ற காலத்தையும் கேட்டறிய வேண்டும்.

குறை தென்பட்டால் டெலிவரி ரசீதிலேயே எழுத வேண்டும். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சிட்ட தாளில் படிக்காமல் கையெழுத்திடுவது பின்னாளில் எதிர்ச்சான்றாகும். தேதியுடன் கூடிய படங்களில் வண்டி முழுவதும், சேசிஸ் எண், குறையின் நெருக்கத் தோற்றம் ஆகிய மூன்றும் வேண்டும். அளவு தெரிய அருகில் ஓர் அளவுகோலை வைக்கலாம். விற்பனையாளருக்கும் உற்பத்தி நிறுவனத்துக்கும் ஒரே நாளில் மின்னஞ்சல் அனுப்பி, சர்வீஸ் நிலையத்தில் ஜாப் கார்டு போட்டு அதன் நகலை வாங்கிக்கொள்வது நல்லது. வாய்மொழியாகச் சொன்ன புகாருக்குப் பின்னர் சான்று இராது.

பாலிஷா, மறுபூச்சா?

குறை கண்டவுடன் "முழுவதும் பெயின்ட் அடித்துத் தருகிறோம்" என்ற பதில் வந்தால் பலர் மகிழ்ந்துவிடுவர். அது எப்போதும் நல்ல தீர்வு அன்று. ஆலையில் கண்ணாடி, ரப்பர், ஒயரிங் எதுவும் இல்லாத வெறும் கூட்டைத்தான் அதிக வெப்பத்தில் சுடுகிறார்கள். முழுதாகப் பொருத்திய வண்டியை அவ்வாறு சுட முடியாது. பட்டறை பூத்தில் 60 முதல் 80 டிகிரி வெப்பமே கொடுக்கலாம். பெயின்டும் வேறு வகை. மறுபூச்சுக்காகத் தேய்க்கும்போது ஆலையின் மின்படிவு அடுக்கு கிழிந்து இரும்பு வெளிப்பட்டால், அந்த அடுக்கைப் பட்டறையில் மீண்டும் உருவாக்க இயலாது. எபாக்சி பிரைமர் கொண்டு ஈடுசெய்யத்தான் முடியும்.

எனவே குறைக்கு ஏற்ற அளவில் மருந்து கொடுப்பதே முறை. தூசுப் புள்ளி, லேசான ஆரஞ்சுத் தோல், சிறு வழிதல் ஆகியவற்றை நுண்தாள் கொண்டு தேய்த்து பாலிஷ் போட்டால் போதும். அதிலும் மேற்பூச்சின் சில மைக்ரான்கள் குறையும் என்பதால் திரும்பத் திரும்பச் செய்யக்கூடாது. ஒரு கதவில் மட்டும் குழிப்புள்ளி இருந்தால் அந்தத் தகட்டுக்கு மட்டும் மறுபூச்சு போதும். கொப்புளமும் உரிதலும் இருந்தால் மேலே அடித்து மறைப்பதில் பயனில்லை. பற்றாத அடுக்கு முழுவதும் நீக்கப்பட்டாக வேண்டும். இவை பல தகடுகளில் காணப்பட்டால்தான் கேபினையோ வண்டியையோ மாற்றித் தரக் கோருவதற்கு நியாயம் வலுக்கும்.

மறுபூச்சுக்கு ஒப்புக்கொள்வதானால், எந்தத் தகடுகள், எந்த முறை, புதிய பூச்சுக்கு எத்தனை காலம் உத்தரவாதம், வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களுக்கு என்ன ஈடு என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும். கடன் தவணை வண்டி நிற்கும் மாதத்துக்கும் சேர்த்தே கட்டப்படுகிறது. இருக்கும் நிறத்திலேயே அடித்தால் பதிவுச் சான்றில் மாற்றம் தேவையில்லை. நிறம் மாறினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிய வேண்டும்.

சட்டப் பாதுகாப்பு

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோர் எனக் கொள்வதில்லை. லாரி வாங்கியவர் எதிர்கொள்ளும் முதல் தடை இதுவே. ஆனால் சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கியவருக்கு விலக்கு உண்டு. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனத்துக்கு எதிராக லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. இயந்திரம் வாங்கிய அந்த நிறுவனம் நுகர்வோர் அல்ல என்று தீர்ப்பானது. ஆனால் தானே ஓட்டிப் பிழைக்க லாரி வாங்கியவர் நுகர்வோரே என்றும், ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொள்வதால் அத்தகுதி போய்விடாது என்றும் அதே தீர்ப்பு எடுத்துக்காட்டியது. பல லாரிகளை வைத்து நடத்துபவர் இவ்வழியில் செல்வது கடினம். அவருக்கு உத்தரவாத ஒப்பந்தமும், 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி உரிமையியல் நீதிமன்றமும் உள்ளன.

நுகர்வோர் என்ற தகுதி உள்ளவர் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். தீராவிட்டால், கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையத்திலும், அதற்கு மேல் 2 கோடி வரை சென்னையிலுள்ள மாநில ஆணையத்திலும் முறையிடலாம். வாங்கிய ஊர் எதுவாயினும், தாம் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்தின் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கச் சட்டம் இடமளிக்கிறது. சென்னையில் வண்டி வாங்கிய மாமல்லபுரத்துக்காரர் செங்கல்பட்டு ஆணையத்தையே நாடலாம். வழக்குக்கான காரணம் எழுந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அதே சட்டத்தில் உள்ள "பொருள் பொறுப்பு" என்ற பகுதி, குறையுள்ள பொருள் நுகர்வோருக்கும் பிற உடைமைக்கும் செய்யும் தீங்குக்கானது. பொருளுக்கே நேரும் கேட்டை அது சேர்ப்பதில்லை. எனவே பெயின்ட் உரிந்ததற்கு, "குறைபாடுள்ள பொருள்" என்ற அடிப்படையில்தான் முறையிட வேண்டும். குறையை நீக்குதல், மாற்றித் தருதல், பணத்தைத் திருப்புதல், இழப்பீடு ஆகியவற்றில் எதையும் ஆணையம் உத்தரவிடலாம். ஆனால் ஒரு பகுதியைச் சரிசெய்தால் போதும் என்ற நிலையில் முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்பதை 2006இல் மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துரைத்தது.

குறை ஆலையில் உண்டானது என்று காட்டும் சுமை முறையிடுபவருடையது. அதற்குத் தொழில்நுட்ப அறிக்கை வேண்டும். உத்தரவாதப் புத்தகங்கள் பலவற்றில் உப்பு, ஆலைப் புகை, பறவை எச்சம் ஆகியவற்றால் வரும் கேடு விலக்கப்பட்டிருக்கும். கடற்கரையில் ஓடிய வண்டிக்கு இவ்விலக்கை நிறுவனம் எடுத்துக்காட்டக்கூடும். வண்டி எடுத்த நாளிலேயே குறை பதிவாகியிருந்தால் அவ்வாதம் நிற்காது.

கடற்கரையில் பராமரிப்பு

குறையற்ற பூச்சும் கவனிப்பின்றி நீடிக்காது. கடற்கரைச் சாலையில் ஓடும் லாரியை வாரம் ஒருமுறையேனும் நல்ல தண்ணீரால், குறிப்பாக அடிப்பகுதியைக் கழுவ வேண்டும். பல கடலோர ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரே உப்பாக இருப்பதால், அதில் கழுவிக் காயவிட்டால் உப்பு மீண்டும் படியும். மீன் இறக்கியதும் தளத்தையும் சேசிஸ் இடுக்குகளையும் அலச வேண்டும். கதவடி வடிகால் துளைகள் மண்ணால் அடைபடாமல் பார்க்க வேண்டும். கல்பட்டுத் தெறித்த இடத்தை அன்றே துடைத்துக் காயவைத்து டச்-அப் பெயின்ட் தொட்டுவிட்டால் துரு அங்கே வேரூன்றாது. பெயர்ப்பலகை, ஏணி, விளக்கு பொருத்தத் துளை போடும்போது வெட்டு விளிம்புக்கு பிரைமர் அடிக்க வேண்டும். இல்லையெனில் அத்துளையே துரு தொடங்கும் இடமாகும். அது உத்தரவாதத்தை மறுக்கவும் காரணமாகலாம்.